அக்காவுக்கு ஒரு வரி, அவளுக்கு இரண்டு

தாய் அன்னபாக்கியத்தின் நினைவு மலருக்குப் பொருளடக்கம் வேண்டும் என்று சொன்னவள் அருந்ததிதான். வேறு யாருக்கும் அப்படியொரு எண்ணம் வந்திராது. வெள்ளவத்தையில் ஒரு செத்த வீடு நடந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் செத்தவரின் படம். உள்ளே கடவுள் வணக்கம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் கட்டுரை, மருமகனின் புலம்பல், பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி. வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இரண்டு பக்கம் தட்டுவார்கள், பந்திக்குக் கூப்பிட்டதும் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள்.

"என்ன பிள்ளை, இது கெம்பஸுக்குக் குடுக்கிற புத்தகமே?" என்றார் மாமா சண்முகலிங்கம். அன்னபாக்கியத்தின் ஒரே தம்பி அவர். காரியங்களையெல்லாம் அவர்தான் முன்னின்று பார்த்தார்.

"ஒரு ஒழுங்கு இருக்கட்டும் மாமா."

"இருக்கட்டும், இருக்கட்டும். படிச்ச பிள்ளை சொன்னால் நாங்கள் என்ன சொல்லுறது."

படிச்ச பிள்ளை என்பது அந்த வீட்டில் அருந்ததிக்கு வைத்த பட்டப்பெயர் மாதிரி. தகப்பன் கொக்குவிலில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்றவர். தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அக்கா ஜெகதீஸ்வரி உயர்தரம் எடுக்க இருந்த வருடம் இந்திய ஆமி வந்தது. பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடமே கலியாணப் பேச்சுக்கால் வந்து கனடாவுக்குப் போய்விட்டாள். தகப்பனும் கண்ணை மூடினார். யாழ்ப்பாணமே வெளியேறிய பெரிய இடப்பெயர்வுக்குப் பிறகு தாயைக் கூட்டிக்கொண்டு வவுனியாத் தடைமுகாமெல்லாம் கடந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இன்னொரு வீட்டோடு ஒட்டிய ஓர் அனெக்ஸ் பிடித்து, பொலிஸ் பதிவு எடுத்து, பல்கலைக்கழகம் போய், அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியானவள் அருந்ததி. இப்போது பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. இருபத்தேழு வயது. தாயின் கால் புண்ணுக்கு மருந்து கட்டியதும், இரவில் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கொண்டுபோனதும், கடைசியில் வாயில் பால் விட்டதும் அவள்தான்.

ஆனால் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அழுததெல்லாம் அக்காவுக்காக.

கட்டுநாயக்கா விமான நிலையம் அடிபட்ட கிழமை அது. விமானங்கள் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்த ஜெகதீஸ்வரி டொரொன்டோவில் நின்றுவிட்டாள். கதை பரவியதும், வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஒவ்வொருவரும் அதையே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"பாவம் அந்தப் பிள்ளை, தாயின்ரை முகம் பார்க்கக் குடுத்து வைக்கேல்லையே."

"அங்கை கிடந்து என்ன துடி துடிக்குதோ."

பக்கத்து ஒழுங்கைப் பாக்கியலெட்சுமி மாமி பெட்டியின் தலைமாட்டில் இருந்து, "ஜெகதீஸ்... உன்ரை அம்மாவைப் பாரடி..." என்று கனடாவைப் பார்த்துக் கூப்பிட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, பக்கத்தில் நின்ற அருந்ததியைப் பார்த்து, "பிள்ளை, உந்தச் சனத்துக்குத் தேத்தண்ணி ஏதும் குடுத்தனியே?" என்று கேட்டாள்.

அருந்ததி குசினிக்குப் போனாள். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு ஒரு சொட்டும் இல்லை, வராமல் இருந்தவளுக்கு இவ்வளவு கண்ணீரா? அந்த எண்ணம் வந்த கையோடு தன் மேலேயே அருவருப்பும் வந்தது. தாய் முன் அறையில் கிடக்கும்போது கண்ணீரைப் பங்கு பிரித்துக்கொண்டு நிற்கிறோமே என்று நினைத்தாள். இது பொறாமைதானா, இல்லை நியாயமான ஆதங்கமா? நியாயம் என்றால் நெஞ்சு ஏன் இப்படிப் புகைகிறது?

இது புதிதாக வந்த புகையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ரெலிபோன் எடுப்பாள். அதற்கு முதல் அம்மா முகம் கழுவி, பவுடர் போட்டு, சீலையை மாற்றிக்கொண்டு கதிரையில் வந்து இருப்பாள்.

"ரெலிபோனிலை ஆருக்கம்மா உங்கடை முகம் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுந்தானே."

கிழமை முழுதும் அந்த அனெக்ஸில் பழைய சோட்டிச் சட்டையோடு திரிகிற அம்மா, அக்காவின் குரலுக்குச் சீலை கட்டினாள். கூட இருந்த மகளுக்காக அவள் ஒருநாளும் பவுடர் போட்டதில்லை.

மலருக்குக் கட்டுரை எழுதலாம் என்று மாமா சொன்னபோது அருந்ததிக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. அழுகையில் அக்கா முந்தலாம். எழுத்தில் முந்த முடியாது. உயர்தரமும் எடுக்காதவள் என்னத்தை எழுதப் போகிறாள்? அருந்ததி இரண்டு பக்கம் எழுதினாள். தலைப்பும் தன் படிப்புக்கு ஏற்ற மாதிரி வைத்தாள்: "இடப்பெயர்வுகளின் நடுவே ஒரு தாய்: அமரர் அன்னபாக்கியம் அவர்களின் கொழும்பு வாழ்வு பற்றிய சில நினைவுகள்". பிறகு பொருளடக்கத்தில் தன் பெயர் எங்கே வரவேண்டும் என்றும் மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள். வாழ்க்கை வரலாறு முடிந்த உடனே, அக்காவுக்கு மேலே.

மாமா சம்மதிக்கவில்லை.

"மூத்தவள் இருக்க இளையவளை முதல் போட்டால் சனம் என்ன சொல்லும் பிள்ளை? ஜெகதீஸ் முதல், நீ பிறகு. அதுதான் முறை."

முறை என்ற சொல்லுக்கு மேல் மாமாவோடு கதைக்க முடியாது. அக்காவின் கட்டுரையை அவரே மெய்ப்புப் பார்ப்பதாகவும் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று அருந்ததி அதைத் தொட்டும் பார்க்கவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசித்தால் நன்றாக இருந்துவிடுமோ என்பதுதான் உண்மையான பயம்.

காலி வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் ஸவாஹிர் என்பவரின் கொமியூனிக்கேஷன் கடை இருந்தது. முன்னுக்கு வெளிநாட்டுக் கோல் எடுக்கிற பெட்டிகள், பக்ஸ் இயந்திரம், போட்டோக்கொப்பி. பின்னுக்கு ஒரு கணினி, அதன் முன்னால் றஸ்மியா. மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். முக்காட்டின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு அடிக்கத் தொடங்கினால் நிமிர மாட்டாள். வெள்ளவத்தையின் பாதி நினைவு மலர்கள் அவள் கையால் போனவை. கடவுள் வணக்கம் எல்லாம் கணினியில் தயாராகவே இருந்தது.

"சாமிப் பாட்டெல்லாம் ஈக்கிது மிஸ். மௌத்தானவங்கட பேரையும் படத்தையும் தந்தாச் சரி."

ஜெகதீஸ்வரியின் கட்டுரை டொரொன்டோவிலிருந்து நேரே அந்தக் கடைக்குத்தான் பக்ஸில் வந்தது. றஸ்மியா அதைப் பார்த்து அடித்தாள்.

முதல் பிரதியைக் கையில் வாங்கியதும் அருந்ததியின் கண் பொருளடக்கத்துக்குத்தான் போனது. தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடையில் புள்ளி புள்ளியாக அடித்திருந்தாள் றஸ்மியா. திரையில் ஏதோ சரிபோல இருந்தது, தாளில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நிற்கவில்லை. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பாம்பு ஊர்ந்துபோன தடம் மாதிரி கிடந்தது.

"என்ன றஸ்மியா, இது கோணலும் மாணலுமா இருக்கு?"

"புள்ளி ஒன்டக் கூட்டினா வெளிய போகுது மிஸ், ஒன்டக் குறைச்சா உள்ளுக்கு வருகுது. 'ணை'க்கு ஒரு அகலம், 'ர'க்கு ஒரு அகலம். எண்ணி அடிச்சி வேலல்ல." றஸ்மியா சொல்லிக்கொண்டே புள்ளிகள் எல்லாவற்றையும் அழித்தாள். "நான் சோம்பேறித்தனத்தில அடிச்ச. ஈந்து பாருங்க."

பக்கத்தின் வலது ஓரத்தில், மேலே இருந்த அளவுகோலில், ஒரு குறி வைத்தாள். அந்தக் குறிக்குப் புள்ளிக்கோடும் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு தலைப்பின் பின்னாலும், அந்தக் குறிக்குத் தாவவைக்கிற ராப் விசையை ஒரே ஒரு தரம் தட்டினாள். புள்ளிகள் தாங்களாக ஓடிப்போய் நிரம்பின. எண்கள் எல்லாம் வலது பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன.

ஒரு வரியைத் தவிர.

அருந்ததியின் தலைப்பு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஓடி, இடம் போதாமல், மிச்சம் அடுத்த வரியில் விழுந்து கிடந்தது. புள்ளிகளுக்கு இடமில்லை. பக்க எண் எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் வரியில் அக்கா. "அம்மா" என்று ஒரே ஒரு சொல். அதன் பின்னால் பக்கத்தின் கடைசி வரைக்கும் முத்து மாலை கோத்த மாதிரிப் புள்ளிகள், முடிவில் அலுங்காமல் ஓர் எண்.

ஒரு பொருளடக்கத்திலும்கூட அக்கா அழகாக இருந்தாள்.

"தலைப்பக் கொஞ்சம் கட்டையாக்கினா நேரா வந்துடும் மிஸ். தாத்தாடதப் பாருங்க, ஒரு சொல்லுத்தான்." றஸ்மியாவின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"குறைக்கேலாது."

"அப்ப ரெண்டு வரியா வரும்."

"வரட்டும். ஆனா நேரா வரோணும்."

றஸ்மியா வலது பக்கத்தில் தலைப்புகளுக்கு ஓர் எல்லை போட்டாள், எண்கள் நிற்கிற இடத்துக்குள் அவை நுழையாதபடி. இரண்டாவது வரி முதல் வரியை விடக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கச் செய்தாள். இப்போது அருந்ததியின் தலைப்பு இரண்டு படியாக இறங்கி, கீழ்ப்படியிலிருந்து சில புள்ளிகள் புறப்பட்டு, எண்ணைப் போய்த் தொட்டன. நேராகத்தான் இருந்தது. என்றாலும் அக்காவின் மாலைக்கு முன்னால் அது அறுந்த சங்கிலி மாதிரித் தெரிந்தது அவளுக்கு.

"எங்கட கட்டுரையள் அடிச்சனீர்தானே, எப்பிடி இருந்தது?" கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"உங்கட நல்ல நீளம் மிஸ்."

"அக்கான்ரை?"

றஸ்மியா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். "அல்லாவே, அத ஏன் கேக்கிறீங்க. அடிக்கக்குள்ள கண்ணு கலங்கி எழுத்துத் தெரியல்ல. ஸவாஹிர் நானா என்னடி எண்டு கேக்கிற அளவுக்குப் போய்ட்டு."

அருந்ததி தன் கைப்பையின் சிப்பை இழுத்துத் திறந்தாள், மூடினாள். எத்தனையோ மலர் அடித்தவள், எத்தனையோ பேருடைய சாவைத் தாளாக்கியவள், அவளையும் அழவைத்துவிட்டாளா அக்கா? அருந்ததிக்குக் கிடைத்தது நல்ல நீளம். பட்டம் பெற்று என்ன, பந்தி பந்தியாக எழுதி என்ன?

அதற்குள் கனடாவிலிருந்து ஒரு அனுதாபச் செய்தி வந்தது. பிறகு லண்டனிலிருந்து இன்னொன்று. மாமா இரண்டையும் கொண்டுவந்து முன்பக்கத்தில் போடச் சொன்னார். பக்கங்கள் தள்ளுப்பட்டன, எண்களை மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று. றஸ்மியாவுக்கு அலுத்துப்போனது. உள்ளே இருக்கிற தலைப்புகளுக்கெல்லாம் ஓர் அடையாளம் கொடுத்து, பொருளடக்கத்தைக் கணினியே எடுக்கும்படி செய்துவிட்டாள். முதல் தரம் எடுத்தபோது திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. அக்காவின் "அம்மா" இருந்த இடத்தில் ஓர் எம், ஒரு கே, ஓர் அரைப்புள்ளி, பிறகு இன்னொரு கே, ஓர் எச். அந்த நாளில் கணினித் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக்கு மேலே போட்ட சட்டை. பொருளடக்கம் தன் பாட்டுக்கு வேறு எழுத்துருவை எடுத்துக்கொண்டால் சட்டை கழன்றுவிடும்.

அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் மாலையில் இப்போது வெறும் குப்பை கோத்திருந்தது. ஆனால் அவளுடைய தலைப்பும் அதே கதிதான். இரண்டு வரிக் குப்பை.

"சிரிக்காதீங்க மிஸ், எனக்கு வயிறு எரியுது," என்றாள் றஸ்மியா. பொருளடக்கத்தின் எழுத்துருவை மாற்றியதும் சட்டை திரும்ப ஏறியது. வலது ஓரக் குறியையும் எல்லையையும் அதற்கே சொல்லிக்கொடுத்தாள். "இனி எத்தனை பக்கம் கூடினாலும் ஒரு விசை அமத்தினாச் சரி."

அன்று பின்னேரம் மலர் கொட்டாஞ்சேனையில் இருக்கிற அச்சகத்துக்குப் போகவேண்டும். அந்த வருடம் ஊரெல்லாம் மின்வெட்டு. வெள்ளவத்தையின் முறை வருவதற்கு முதல் கடைசிப் பிரதியை எடுத்தால், றஸ்மியா வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். அருந்ததி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லாம் முடிந்த மாதிரித்தான் இருந்தது. றஸ்மியா லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளறைக்குப் போனாள்.

கணினி திறந்து கிடந்தது. பொருளடக்கம் திரையில் நின்றது. அக்கா மேலே, அவள் கீழே.

அருந்ததி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அலுவலகத்தில் கணினி பழகியவள்தான். தன் இரண்டு வரிகளையும் வெட்டி, அக்காவின் வரிக்கு மேலே ஒட்டினாள். ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் எண்கள் கண்ணில் பட்டன. அவளுக்குப் பன்னிரண்டு, அதற்குக் கீழே அக்காவுக்குப் பதினொன்று. மாமாவின் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். எண்களையும் அழித்துவிட்டு மாற்றி அடித்தாள். இப்போது அவள் பதினொன்று, அக்கா பன்னிரண்டு. பக்கத்தைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் பொய் தெரியும். நினைவு மலரில் யார் பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் தேடப் போகிறான்?

றஸ்மியா திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா ஒருக்கா சரி பாத்துட்டு அடிக்கிறன்," என்று விசையை அமத்தினாள்.

திரை ஒரு தரம் மினுங்கியது. அக்கா மேலே போனாள். அருந்ததி கீழே வந்தாள். பதினொன்று, பன்னிரண்டு.

அருந்ததியின் முகம் எப்படி மாறியதோ, றஸ்மியா திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இதில கை வெச்சீங்களா மிஸ்?"

"சும்மா... ஒரு வரியை மாத்திப் பார்த்தனான்."

"இதில மாத்தி வேலல்ல." றஸ்மியா சிரித்தாள், ஏளனமாக இல்லை. "உள்ளுக்கு எப்படி ஈக்கிதோ அப்படித்தான் இங்க வரும். இது சும்மா கண்ணாடி. கண்ணாடில பொட்ட அழிச்சா நெத்தில அழியுமா?"

"அப்ப உள்ளை மாத்துவம்."

"என்னத்த?"

"என்ரை கட்டுரை முதல் வரட்டும். அக்கான்ரை பிறகு."

"மாமா சம்மதமா?"

"அம்மாவைப் பார்த்தது நான்தானே, மாமா இல்லையே." சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. முன்னுக்குக் கோல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் பெட்டிக் கண்ணாடிக்கு ஊடாக எட்டிப் பார்த்தார்.

றஸ்மியா பதினோராம் பக்கத்துக்குப் போனாள். அக்காவின் கட்டுரை ஒரே பக்கம்தான். மேலிருந்து கீழாகக் கணினி எலியை இழுத்துக்கொண்டு வந்தாள். கறுப்புப் பட்டை ஒவ்வொரு வரியாக மூடிக்கொண்டு இறங்கியது. கடைசிப் பந்திக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"மிஸ், அப்ப இந்தக் கடைசி வரிய என்ன செய்யிற?"

"என்ன வரி?"

"வாசிச்சில்லையா நீங்க?"

அருந்ததி குனிந்து பார்த்தாள். அக்காவின் எழுத்தில் இலக்கணம் கிடையாது. கடிதம் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தாள். "நான் பாத்த அம்மா இவ்வளவுதான். எனக்கு இருபது வயசு மட்டும் இருந்த அம்மா. அதுக்குப் பிறகு இருந்த அம்மாவை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையிலை குரலை மட்டும் தெரியும். அந்த அம்மாவைத் தங்கச்சிக்குத்தான் தெரியும். அவள் எழுதியிருக்கிறாள். தயவுசெய்து அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கோ."

"இதிலதான் நான் அழுத," என்றாள் றஸ்மியா, மெல்ல.

அருந்ததி அந்தக் கடைசி வரியைத் திரும்பவும் பார்த்தாள். யோசித்தால், கட்டுரையே அந்த ஒரு வரிக்காக எழுதிய மாதிரி இருந்தது.

"உங்கடத முன்னுக்குப் போட்டா, இவங்க புரட்டச் சொல்ற பக்கத்தில மச்சான்ட புலம்பல்தான் வரும் மிஸ்," என்றாள் றஸ்மியா. அக்காவின் கணவரான மச்சானின் புலம்பல் கொட்டாஞ்சேனைப் புலவர் ஒருவரிடம் சொல்லி எழுதுவித்தது. 'மாமியே மாமியே' என்று பத்துத் தரம் வரும். "ஒன்டு செய்யலாம். இந்தக் கடைசி வரிய வெட்டிட்டா ஆருக்கும் விளங்காது. உங்கட விருப்பம்."

கறுப்புப் பட்டை இப்போது அந்த ஒரு வரியில் மட்டும் நின்றது. ஒரு விசை போதும். அக்காவுக்குக்கூடத் தெரியவராது. மலர் தபாலில் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். சேர்ந்தாலும் அச்சகத்தில் விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம். முதல் வரி அவளுக்கு. வாழ்க்கையில் ஒரு முறை.

அருந்ததி கணக்குப் பார்த்தாள். நல்லவளாக இருந்து பார்க்கவில்லை, பொறாமையோடேயே பார்த்தாள். சனம் எப்படியும் அக்காவின் பக்கத்தைத்தான் முதலில் தேடும். அக்கா முதல் பக்கத்தில் இருந்தாலும் தேடும், பின் அட்டையில் இருந்தாலும் தேடும். அதில்தான் அழும். அழுது முடிந்ததும் அக்காவே அவர்களுடைய கையைப் பிடித்து, புரட்டுங்கோ என்கிறாள். அருந்ததி எவ்வளவு பெரிய தலைப்பு வைத்தாலும் யாரும் செய்யாத ஒன்றை, அக்கா ஒரு வரியில் செய்து வைத்திருக்கிறாள்.

அதுதான் தாங்கவில்லை. விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திவிட்டாள். தங்கச்சி இவ்வளவு நாளும் புகைந்துகொண்டு இருக்க, அங்கே அவள் பாட்டுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறாள். பதிலுக்குப் பொறாமைப்பட்டிருந்தாலாவது ஒரு சமத்துவம் இருந்திருக்கும்.

"மிஸ், கரண்ட் போகப் போகுது."

"வெட்ட வேண்டாம்."

"அப்ப முன்னுக்குப் போடவா?"

"ஒண்டும் மாத்த வேண்டாம். உள்ளது உள்ளபடி அடியும்."

றஸ்மியா அவள் முகத்தைப் பார்த்தாள். "தலைப்பையாவது கட்டையாக்கவா? அழகா வரும்."

"தலைப்பிலை கை வைக்காதையும்," என்றாள் அருந்ததி. "அக்காவுக்கு ஒரு வரிதானே. எனக்கு ரெண்டு வரி இருக்கட்டும்."

கடைசித் தாள் வெளியே வந்து விழுந்து சற்று நேரத்தில் மின்விசிறி நின்றது.

முப்பத்தோராம் நாள் முகத்துவாரத்தில் கிரியை முடித்துவிட்டு எல்லோரும் வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்தபோது, மலர்கள் வாசல் மேசையில் அடுக்கியிருந்தன. அச்சகத்திலிருந்து காலையில்தான் வந்தவை, மை வாசம் போகவில்லை. அருந்ததி பாயாச வாளியும் அகப்பையுமாகப் பந்திகளுக்கு இடையில் போய் வந்துகொண்டிருந்தாள். கண் பாயாசத்தில் இல்லை. யார் யார் கையில் மலர் திறந்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் என்றுதான் பார்த்துக்கொண்டு போனாள். ஒருவர் படத்தைப் பார்த்தார். ஒருவர் தன் அனுதாபச் செய்தி எங்கே என்று பார்த்தார், அதுவும் பொருளடக்கத்தைப் பார்க்காமலே. மாமா மட்டும் பொருளடக்கத்தில் விரலை வைத்து, "உன்ரைதான் ரெண்டு வரி பிடிச்சிருக்கு," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

சுவர் ஓரக் கதிரையில் பாக்கியலெட்சுமி மாமி இருந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோராம் பக்கத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அருந்ததி வாளியோடு தூணருகே நின்றுவிட்டாள். மாமியின் உதடு துடித்தது. சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போனது. கடைசி வரிக்கு வந்துவிட்டாள் என்று அருந்ததிக்குத் தெரிந்தது.

மாமி விரலை நாக்கில் தொட்டாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

"மாமியே மாமியே..." என்று வாசிக்கத் தொடங்கினாள்.

இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டது. மை காயாத புத்தகம். மாமி ஏதோ பொருந்தவில்லை என்ற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். பிறகு மருமகனின் புலம்பலையே தொடர்ந்து வாசிக்கத் தொடங்கினாள். அதற்கும் அழுதாள்.

அருந்ததி வாளியைத் தரையில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், மாமியின் மடியில் கிடந்த புத்தகத்தின் மேல் குனிந்து, ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவே பெருவிரல் நகத்தை விட்டு மெதுவாகப் பிரித்தாள்.

"மாமி, ரெண்டு தாள் ஒட்டிக் கிடக்கு. நீங்கள் ஒண்டை விட்டிட்டியள்."

"அட, ஓமடி பிள்ளை." மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தலைப்பைப் பார்த்தாள். பிறகு பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள். "இது நீ எழுதினதே? நல்ல நீளம்."

"ஓம் மாமி."

"இதை வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வாசிக்கிறன், என்ன?"

பந்தியில் யாரோ பாயாசம் கேட்டுக் கூப்பிட்டார்கள். அருந்ததி திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு மாமிக்கு எதிரே இருந்தாள்.

"இப்பவே வாசியுங்கோ மாமி. நான் இருக்கிறன்."